பயப்பட வேண்டிய நிமிடங்கள்

ஸ்னேஹாவுக்குப் பேய்ப் படம் பார்த்தால் பயம் வராது. இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் பதினைந்து வயது வரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

படங்களை அவள் அலட்சியமாகப் பார்ப்பவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து ஓசூர் எல்லைக்கு அப்பால் கன்னட மண்ணில் இருக்கும் சந்தாபுரா ஊரே கண்ணயரும் நேரத்தில், அப்பா ரங்கநாதனோடு உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பார்ப்பாள். ரங்கநாதன் வாணியம்பாடிப் பக்கத்து ஆள். அத்திபெலேயில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையைக் கவனித்துக்கொள்பவர். ஓசூர்க்காரர்களும் ஆனேக்கல்காரர்களும் நாள் முழுக்க அவரிடம் மூன்று மொழிகளில் பேரம் பேசுவார்கள். அப்படிப்பட்டவருக்கு, திரையில் ஒரு குடும்பம் பழைய பங்களாவை வாங்கி மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினால், பேய் வருவதற்கு முன்பே வயிறு எரியத் தொடங்கும்.

"பாரு, இவன் கேட்ட விலைக்கே தரகன் குடுத்துட்டான். மூஞ்சியக்கூட சுளிக்கல. விக்கிறவன் பேரமே பேசலன்னா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம். இது தெரியாம குடும்பத்தோட வந்து படுத்துக்கிட்டு, ஐயோ அம்மான்னா?"

"பாத்ரூமப் பாருப்பா," என்பாள் ஸ்னேஹா. "செவுரு பூரா ரத்தம் வழியுது. டைல்ஸ் இடுக்குல ஒரு சொட்டு இறங்கல."

"இடுக்குல எபாக்ஸிப் பசை பூசியிருப்பான். தரமான பேய்."

அம்மா ஜெயலக்ஷ்மி இந்த நேரத்தில் கூடத்துக்கு வருவதில்லை. சமையலறையிலிருந்தே "செத்துட்டாளா?" என்று அவ்வப்போது கேட்டுத் தெரிந்துகொள்வார்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்குள் பள்ளிக்கூடம் புகுந்தது.

ஸ்னேஹா பத்தாம் வகுப்புப் படித்த பள்ளியின் பெயர் ஆனந்த சிகரம் இன்டர்நேஷனல். ஆனேக்கல் சாலையில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மேடுகூட இல்லாத இடத்தில் அது இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி போனில் பேய்ப் படம் பார்த்துவிட்டு, மறுநாள் கழிவறையில் குழாய் தானாகச் சொட்டியதைக் கண்டு கத்திவிட்டாள். குழாயைச் சரி செய்திருக்கலாம். ஆனால் பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் இருநூறு செய்திகள் வந்துவிட்டன. இருநூறு செய்திகளுக்குப் பிறகு ஒரு பள்ளி வெறும் குழாயைச் சரி செய்தால் மரியாதையாக இருக்காது.

இயக்குநர் சீனிவாசராகவன் ஒரு சுற்றறிக்கை விட்டார். மல்லேஸ்வரத்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். எனவே சுற்றறிக்கை அவருக்கு ரத்தத்தில் வந்தது. "பயம் இயற்கையானது. மேற்பார்வையில்லாத பயம் ஆபத்தானது. இனி நம் குழந்தைகள் பள்ளியின் கண்காணிப்பில், சரியான இடத்தில், சரியான அளவுக்குப் பயப்படுவார்கள்."

சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு, இரண்டாம் நிலவறையில் இருந்த ஒளிபரப்புக் கூடத்தில், பத்தாம் வகுப்புக்கு ஒரு பிரபலமான பேய்ப் படம் போடப்பட்டது. நுழைவாயிலில் அச்ச அட்டவணை ஒட்டியிருக்கும். நாற்பத்தொன்றாம் நிமிடம், எழுபத்திரண்டாம் நிமிடம், எண்பத்தைந்தாம் நிமிடம்: இவை பயப்பட வேண்டிய நிமிடங்கள். மற்ற நேரத்தில் பயந்தால் ஆசிரியை வந்து தோளைத் தொட்டு, "இன்னும் நேரமாகல," என்பார். படம் முடிந்ததும் நான்கு பக்க எதிர்வினைப் படிவம். ஆறு படங்கள் முடித்தவர்களுக்கு உணர்வுச் சீர்மைச் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் இல்லாமல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத முடியாது என்பதைச் சுற்றறிக்கை சொல்லவில்லை. அதைச் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

ஐந்து படங்களை ஸ்னேஹா எப்படியோ கடந்துவிட்டாள். பக்கத்து இருக்கை லாவண்யாவைப் பார்த்து "பயம்" என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஆறாவது படத்தன்று லாவண்யாவுக்குக் காய்ச்சல். அன்றைய படத்தில் ஒரு பொம்மை நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் கண்ணைத் திறந்தது. அது திறக்கும் என்று முதல் நிமிடத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அந்தப் படத்தில் வாழ்ந்தவர்களைத் தவிர.

படிவத்தின் நான்காம் கேள்வி: "இப்படம் தங்களுள் எழுப்பிய உணர்வைத் தாய்மொழியில், ஒரே சொல்லில் குறிப்பிடுக." பயம் தாய்மொழியில்தான் உண்மையாக வரும் என்பது இயக்குநரின் கொள்கை. ஸ்னேஹா யோசித்தாள். வகுப்பில் கன்னடப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சலிப்புத் தட்டினால் சொல்லும் ஒரு சொல் இருந்தது. அதை எழுதினாள்.

"பேஜார்."

படிவங்களைப் படிக்கிற பொறுப்பு நலப் பிரிவின் தலைவர் டாக்டர் லீனாவுடையது. லீனா கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முப்பது நாளில் கன்னடம் கற்றுக்கொடுக்கும் புத்தகத்தை முப்பதே நாளில் படித்து முடித்தவர். ஆட்டோக்காரர்களிடம் கன்னடத்தில் பேசி, அவர்கள் தமிழில் பதில் சொல்வதைக் கேட்டு மகிழ்பவர். "பேஜார்" என்ற சொல்லைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பதினேழாம் நாள் பாடத்தில் வந்த சொல். பேஜாரு: மன வருத்தம்.

உடனே முகம் வாடியது. பொம்மை ஒரு குடும்பத்தையே கொன்றபோது மாணவிக்கு வந்தது பயம் அல்ல, வருத்தம். கடைசியில் பொம்மையைத்தானே எரிக்கிறார்கள்? அப்படியானால் யாருக்காக இந்த வருத்தம்?

மறுநாள் ஸ்னேஹாவுக்கு ஊதா நிறச் சீட்டு வந்தது.

நலப் பிரிவும் இரண்டாம் நிலவறையில்தான். லிஃப்டில் அந்தத் தளத்துக்கான பொத்தானில் எண் தேய்ந்து போயிருந்தது; நிறையப் பேர் அழுத்தியிருக்க வேண்டும். நடைபாதையில் ஆள் நடந்தால் எரிந்து, நின்றால் அணைகிற விளக்குகள். சுவரில் வரிசையாகப் புகைப்படங்கள், மேலே "சீர்மை பெற்றோர்" என்று தலைப்பு. இருபத்தாறு பேர் ஒரே அகலத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நீல் என்ற பையனை ஸ்னேஹாவுக்குத் தெரியும். போன வருடம் வரை அவன் சிரித்தால் மூன்று வகுப்புகளுக்குக் கேட்கும். இரண்டு வாரம் நலப் பிரிவின் விசேஷ அமர்வுக்குப் போய் வந்தான். இப்போதெல்லாம் யாரும் எதுவும் கேட்காதபோதும், "நான் நன்றாக இருக்கிறேன், நன்றி," என்கிறான்.

ஸ்னேஹா நடையை வேகமாக்கினாள். விளக்கு அணைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"வாம்மா, உட்காரு. பயப்படாதே," என்றார் லீனா. சொன்ன பிறகு சுதாரித்து, "சாரி. பயப்படலாம். அதுக்குத்தானே இந்த டிபார்ட்மென்ட்டே," என்று திருத்திக்கொண்டார். "சொல்லு, அந்தப் பொம்மை மேல எப்ப இருந்து பாசம்?"

"பாசமா? எனக்கா மேடம்?"

"தப்பில்லடா. ஒளிக்காம சொன்னா போதும். எழுதியிருக்கியே."

"மேடம், பேஜார்னா அது இல்ல மேடம். போர். போர் அடிச்சுதுன்னு எழுதினேன்."

லீனா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அசையாமல் இருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி. அந்த அறையிலும் அதே வகை விளக்கு; அது அணைந்தது. இருட்டில் பேனா தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்னேஹா கையை ஆட்டினாள், விளக்கு எரிந்தது. லீனா அதே இடத்தில் அதே சிரிப்போடு இருந்தார். தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது: "மாணவி இதைப் போர் என்கிறாள்."

இந்தத் தாள் மேலே இயக்குநர் அறைக்குப் போனது. சீனிவாசராகவன் வீட்டில் தமிழ் பேசுவார், படித்ததெல்லாம் கன்னடம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். எழுத்துக் கூட்டி வாசிப்பவர் எழுத்தில் உள்ளதை மட்டும் வாசிப்பார்.

ரங்கநாதன் கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. மற்ற பிள்ளைகளின் ஹால் டிக்கெட் வகுப்பில் கொடுத்தாகிவிட்டது. ஸ்னேஹாவுடையது இயக்குநரின் மேஜை இழுப்பறையில் இருந்தது.

"உக்காருங்கோ. உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான்," என்றார் இயக்குநர். "ஆனா யுத்தம்னு சொல்றா."

"என்னா யுத்தம் சார்?"

"போர்னு தெளிவா சொல்லியிருக்கா. டாக்டர் எழுதியிருக்கார் பாருங்கோ. முதல்ல பேய்க்காக வருத்தம். அப்புறம் பேய்க்காகப் போர். இது எங்கே போய் முடியும்? நான் ஒண்ணும் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. பேய் கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆனா இல்லாத ஒண்ணுக்காக ஒரு குழந்தை போர் பண்ணும்னா, இருக்கற எங்களை என்ன பண்ணும்?"

ரங்கநாதனுக்குச் சங்கதி பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. பிடிபட்டதும் மகளைக் காப்பாற்ற நினைத்தார். அங்கேதான் தவறு நடந்தது.

"சார், அந்த வார்த்தைக்கு இவ்ளோ அர்த்தம் இல்ல சார். எங்க ஊர்ப் பக்கம் பேஜார்னா தொல்லை. ரோதனை. ‘பேஜார் பண்ணாத’ம்போம். அவ்ளோதான். தொல்லையா இருக்குன்னு எழுதிருக்கா, கொழந்த."

இயக்குநர் மெதுவாக எழுதிக்கொண்டார். "எங்க திட்டம் தொல்லை."

"ஐயோ, அப்பிடி இல்ல சார்..."

"வருத்தம், போர், தொல்லை. ஒரே சொல்லுல மூணு. என் முப்பது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு அடர்த்தியா ஒரு குழந்தை எழுதி நான் பாத்ததில்லை."

ரங்கநாதன் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். இது அவருக்குப் பழகிய களம். எதிராளி எவ்வளவு ஏற்றிச் சொன்னாலும், கீழே இறக்கிப் பாதியில் நிறுத்துவது எப்படி என்று அவருக்குத் தெரியும். முடியாததில் ஆரம்பித்தால்தான் முடிவதில் வந்து நிற்கலாம்.

"சார், ஒரு வார்த்தைக்காக ஹால் டிக்கெட்ட நிறுத்த வேணாம். மறுபடி ஒரு படம் போடுங்க. வேற வார்த்தை எழுதுவா."

"ஆகட்டும்."

"பரிச்சைக்கு முன்னாடியே போடணும்."

"ஆகட்டும்."

"இந்த விசேஷ அமர்வு, கிமர்வு, அதெல்லாம் எங்களுக்கு வேணாம் சார்."

"வேண்டாம்னா வேண்டாம். நீங்க சொன்னா சரி."

ரங்கநாதனுக்குக் கேட்க வேறொன்றும் மிச்சமில்லை. எழுந்து கும்பிட்டார். வெளியே வந்து, பைக்கைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"என்னப்பா ஆச்சு? முடியாதுன்னுட்டாரா?" என்றாள் வாசலில் நின்ற ஸ்னேஹா.

"இல்லம்மா. கேட்டதெல்லாம் குடுத்துட்டாரு." குரல் இறங்கியிருந்தது. "மூஞ்சியக்கூட சுளிக்கல."

அப்பாவின் முகம் அப்படி வெளிறி அவள் பார்த்ததே இல்லை. எத்தனையோ பங்களாக்களுக்குள் எத்தனையோ குடும்பங்கள் போவதை இருவரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். 

மறுபரீட்சை செவ்வாய்க்கிழமை என்று தகவல் வந்தது. இந்த முறை சொல் மட்டும் போதாது, "ஒலி வடிவிலான எதிர்வினையும்" வேண்டும் என்று அடிக்குறிப்பு இருந்தது. அதாவது கத்த வேண்டும்.

லாவண்யா பயிற்சி கொடுத்தாள். பயப்படுவதில் அவள் பள்ளியின் முதல் மாணவி; ஐந்து படத்திலேயே சான்றிதழ் வாங்கிவிட்டவள். போஸ்டரைப் பார்த்தாலே கண்ணில் நீர் வரும். திங்கட்கிழமை மதிய இடைவேளையில், விளையாட்டுத் திடலின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வகுப்பு நடந்தது.

"ஏய், இது கத்துறது இல்லடி. பஸ்ஸ நிறுத்தச் சொல்ற மாதிரி இருக்கு."

"ஆ..."

"பல்லு டாக்டர் கிட்டப் போனியா? வயித்துலேர்ந்து வரணும். ஏதாவது பயங்கரமா நெனச்சுக்கோயேன்."

"எத நெனக்கிறது?"

"உனக்கு எதுதான்டி பயம்?"

ஸ்னேஹா யோசித்தாள். தொட்டியின் மறுபக்கம் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. நீல். வரிசையில் ஒருவனாகச் சீராக நடப்பதைப் போல, தனியாக நடந்து வந்தான். இருவரையும் பார்த்து ஒரே அகலத்தில் சிரித்தான். "நான் நன்றாக இருக்கிறேன், நன்றி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

"விடு," என்றாள் லாவண்யா, கையைத் தேய்த்துக்கொண்டே. "நான் பின்னால உக்காந்திருப்பேன். பேய் வர்ற நேரத்துக்கு ஒரு இருமல் இருமுறேன். நீ கத்திடு. சிம்பிள்."

செவ்வாய்க்கிழமை எல்லாம் திட்டப்படியே நடந்தது. லாவண்யாவுக்குக் காய்ச்சல் முழுசாக விடவில்லை என்பதை மட்டும் இருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டாம் நிமிடத்தில், திரையில் ஒரு குடும்பம் காலை உணவாகப் பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, லாவண்யா உண்மையாகவே இருமினாள்.

ஸ்னேஹா கத்தினாள். அருமையான கத்தல். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த கணக்கு ஆசிரியர் தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டார். மூன்று நிமிடம் கழித்து, திரையில் அதே சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து பேய் வந்தது.

இதை விசாரிக்கப் பள்ளி அமைத்த குழு அன்று மாலை நான்கு மணிக்குக் கூடியது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு பின்னால் ரங்கநாதனுக்கும் ஒரு நகல் வந்தது. அதில் லீனாவின் கருத்து இவ்வாறு பதிவாகியிருந்தது: "பேய் வந்த பிறகு கத்துவது பயம். பேய் வரும்போது கத்துவது நல்ல பயம். பேய் வருவதற்கு மூன்று நிமிடம் முன்பாகவே கத்துவது, முன்கூட்டியே தகவல் கிடைத்ததைக் காட்டுகிறது. தகவல் எந்தத் தரப்பிலிருந்து கிடைத்தது என்பதே கேள்வி."

படத்தை அவள் முன்பே பார்த்திருக்கலாமே என்று கணக்கு ஆசிரியர் சொன்னதாகவும், அது "எளிமையான விளக்கம்" என்பதால் குழு ஏற்கவில்லை என்றும் குறிப்பு சொன்னது.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. ஜெயலக்ஷ்மி அத்திபெலேயில் ஒரு டுட்டோரியலை விசாரித்தார். அடுத்த வருடம் தனித்தேர்வராக எழுதலாம் என்றார்கள். அடுத்த வருடம் என்ற சொல் வீட்டுக்குள் வந்த பிறகு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்னேஹா அறிவியல் புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் நின்றுபோயின.

பிறகு கடைசி வாய்ப்பு என்று கடிதம் வந்தது. "வாய்மொழி, எழுத்து, கூச்சல் ஆகிய மூன்றிலும் மாணவி நம்பகமற்றவராக இருப்பதால், இனி அவருடைய உடலையே கேட்டுக்கொள்வதாக முடிவு செய்யப்பட்டுள்ளது." சனிக்கிழமை காலை பத்து மணி. மணிக்கட்டில் நாடித்துடிப்பு அளக்கும் பட்டை. ஒப்பீட்டுக்காகப் பத்தாம் வகுப்பு முழுவதற்கும் பட்டை.

பட்டைகளை மாட்டிவிட்டவர் நோயல். ஒளிபரப்புக் கூடத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர், ஜீவனஹள்ளியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். நாற்பத்திரண்டு கருப்புப் பட்டைகள். நாற்பத்து மூன்றாவதை லீனா தானே வாங்கி மாட்டிக்கொண்டார், சீரான மனம் எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி வேண்டுமாம்.

"டைட்டா இருக்கா பாப்பா?" என்றார் நோயல்.

"இல்ல அண்ணா."

"பிச்சர் நல்லாருக்கும். பயமாத்தான் இருக்கும். ட்ரை பண்ணு." யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ஸ்னேஹா முயன்றாள். கடவுளுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் முயன்ற அளவுக்கு யாரும் பயப்பட முயன்றிருக்க மாட்டார்கள். கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். மூச்சைப் பிடித்தாள். ஹால் டிக்கெட்டை நினைத்துக்கொண்டாள். ஆனால் திரையில் ஒரு போலீஸ்காரர் டார்ச்கூட எடுக்காமல் பாழுங்கிடங்குக்குள் இறங்க, அவளுடைய கவனம் டார்ச்சுக்குப் போய்விட்டது. சுற்றிலும் வகுப்பே விசும்பிக்கொண்டிருந்தது. லாவண்யா துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஸ்னேஹாவின் மணிக்கட்டில் சிறிய பச்சை எண் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று மினுக்கியது.

பதினொன்றரைக்குப் படம் முடிந்தது. கதவைத் திறக்கவில்லை. மேடையில் ஒரே ஒரு விளக்கு போடப்பட்டு, இயக்குநர் ஏறினார். முன்னே நின்று, கைகளைக் கோத்துக்கொண்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"குழந்தைகளே, படம் முடிஞ்சுடுத்து. இனிமே பயமில்லை," என்று அன்பாகத் தொடங்கினார். "வெளியில இருக்கற குழந்தைகளெல்லாம் தனியா பயப்படறா. பாவம். நீங்க தனியா இல்லை. தனியா விடவே மாட்டோம். க்ளாஸ்ல கேமரா உங்களைப் பாத்துண்டிருக்கு. பஸ்ல பாத்துண்டிருக்கு. வீட்டுல நீங்க என்ன பாக்கறேள், என்ன பேசறேள்னு உங்க அப்பா அம்மாவே மாசா மாசம் படிவத்துல எழுதி அனுப்பறா. அனுப்பாதவாளுக்கு நாங்க நினைவுபடுத்தறோம். நீங்க சிரிச்சா எங்களுக்குத் தெரியும். சிரிக்கலைன்னா அதுக்கும் முன்னாடியே தெரியும். யாராவது வித்தியாசமா இருந்தா ஒதுக்க மாட்டோம். கீழ கூட்டிண்டு போய், எல்லாரையும் மாதிரி ஆக்கித்தான் மேல அனுப்புவோம். இதுவரைக்கும் ஒருத்தரும் பழையபடி ஆனதில்லை. பத்தாவதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்கோ. பதினொண்ணு இருக்கு. பன்னெண்டு இருக்கு. காலேஜ் கட்டிண்டிருக்கோம். உங்க குழந்தைகளுக்கும் இங்கேயே இடம் எழுதி வெச்சாச்சு. எங்கே போனாலும், எத்தனை வருஷமானாலும், நாங்க இருக்கோம்."

கூடத்தில் யாரும் விசும்பவில்லை.  பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள்.

பன்னிரண்டரைக்கு இயக்குநர் அறையில் முடிவு. ரங்கநாதன் வந்திருந்தார். மேஜை மேல் ஸ்னேஹாவின் நாடித்துடிப்பு வரைபடம் நீளமாக விரிக்கப்பட்டிருந்தது. இயக்குநர் விரலை வைத்து இடமிருந்து வலமாக வந்தார். நேர்கோடு. பேய் வந்த இடத்தில் நேர்கோடு. பேயை எரித்த இடத்தில் நேர்கோடு. லீனா பெருமூச்சு விட்டார். ரங்கநாதன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, சட்டென்று மேலே ஏறியது. எழுபத்திரண்டிலிருந்து நூற்று நாற்பத்தொன்று வரை செங்குத்தாக ஒரு மலை. ஆனந்த சிகரத்தில் முதல் சிகரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"பயந்திருக்கா!" என்றார் இயக்குநர். குரலில் உண்மையான சந்தோஷம். "பேஷா பயந்திருக்கா. நோயல், இது எந்தக் காட்சி? குறிச்சுக்கோங்கோ. சான்றிதழ்ல எழுதணும்."

நோயல் கணினியைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "சார், அது பதினொண்ணு நாப்பத்திரண்டு சார். பிச்சர் பதினொண்ணரைக்கே முடிஞ்சிடுச்சி."

"அப்போ பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு என்ன ஓடிண்டிருந்தது?"

நோயல் தன் செருப்பைப் பார்த்தார். "நீங்க சார்."

 லீனாவின் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே இருந்தது. அதை எடுப்பதற்கு அவருக்கு வழி தெரியவில்லை போலிருந்தது. ரங்கநாதன் மகளைத் தனக்குப் பின்னால் மெல்ல நகர்த்தினார்.

"மத்த குழந்தைகளுக்கு?" என்றார் இயக்குநர்.

நோயல் ஒவ்வொன்றாகத் திறந்தார். லாவண்யாவுடையது, முன் வரிசை, பின் வரிசை, சீர்மை பெற்று வந்தவர்கள். படத்தின்போது சிலர் ஏறி இறங்கியிருந்தார்கள், சிலர் இல்லை. பதினொன்று நாற்பத்திரண்டில் மட்டும் நாற்பத்திரண்டு வரைபடங்களிலும் அதே மலை, அதே இடத்தில், ஏறக்குறைய அதே உயரத்தில்.

"டாக்டரோடது?"

லீனா முழுக்கைச் சட்டையைப் பட்டையின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மேடமோடதுதான் சார் எல்லாத்துக்கும் மேல இருக்கு," என்றார் நோயல்.

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. கோபமாக இருக்கும் என்று ரங்கநாதன் தயாராக நின்றார்.

"எத்தனை படம் போட்டோம்," என்றார் இயக்குநர். "எத்தனை படிவம். ஒண்ணுலயும் வரலை. இப்போ பாருங்கோ. நாப்பத்து மூணு மனசு. ஒரே நிமிஷம். ஒரே அளவு. இதுக்குப் பேர்தான் சீர்மை. நோயல், பேச்சை ரெகார்ட் பண்ணியிருக்கேளா?"

"சிசிடிவில இருக்கு சார்."

"அதுதான் இனிமே பாடம். அடுத்த சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குப் போட்டுடுங்கோ. அட்டவணை ஒட்டுங்கோ. பயப்பட வேண்டிய நிமிடம்: எல்லாம்."

சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். இழுப்பறையைத் திறந்து ஹால் டிக்கெட்டை எடுத்தார். ஸ்னேஹாவின் புகைப்படம், பெயர், தேர்வு எண் எல்லாம் அதில் சரியாக இருந்தன. அவள் முன்னே வந்து கையை நீட்டி ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அவர் விடவில்லை.

"கண்ணா, நீ படத்துக்குக் கொஞ்சம்கூட அசையாதவ. அதனால உன் அபிப்பிராயம் எனக்கு முக்கியம். ஒளிக்காம சொல்லு. எந்த இடத்துல ரொம்பப் பயந்தே?"

பின்னாலிருந்து ரங்கநாதன் தொண்டையைச் செருமினார். எதையும் சொல்லாதே என்று அர்த்தம். ஸ்னேஹா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இயக்குநரைப் பார்த்தாள். தாள் இரண்டு பக்கமும் இழுபட்டு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"‘எங்கே போனாலும் நாங்க இருக்கோம்’னு சொன்னீங்களே சார்," என்றாள். "அங்க."

சீனிவாசராகவன் நோயல் பக்கம் திரும்பினார்.

"அதை இன்னும் ரெண்டு தடவை சேர்த்துக்கலாம். கடைசித் தடவை மெதுவா."

ஹால் டிக்கெட்டை விட்டார்.

ஸ்னேஹா அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். நன்றி சொன்னாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையைக் கடந்து, வாசலைக் கடந்து, காவலாளியைக் கடந்து நடந்தே போனாள். ஓடினால் அதற்கும் ஒரு படிவம் இருக்கும்.